கையெழுத்து மேசைக்குப் போன தாடி

இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போடும்போது கையெழுத்துப் போடுகிறவர்களின் பெயர் பத்திரிகையில் வரும். அவர்கள் தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து நிற்பான், அவன் பெயர் வராது. பக்கத்தைத் திருப்புவது, போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவது, மை காய்வதற்குள் ஒற்றுத்தாளை வைத்து அழுத்துவது, பிறகு கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய் எதிர்த்தரப்பின் கோப்பை வாங்கி வருவது. இவ்வளவுதான் அவன் வேலை. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பல வருடம் நான் அந்த ஆளாக இருந்தேன். நாட்டின் வெளியுறவில் உன் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், மை ஒற்றினேன் என்று தைரியமாகச் சொல்வேன்.

அந்த வேலையின் இன்னொரு பாதி வெளியே தெரியாது. ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. நாங்கள் வைத்துக்கொள்ளும் பிரதியில் எங்கள் நாட்டின் பெயர் முதலில் வர வேண்டும், அவர்கள் கொண்டுபோகும் பிரதியில் அவர்கள் பெயர் முதலில் வர வேண்டும். மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். பெண் வீட்டார் அடிக்கிற கல்யாணப் பத்திரிகையில் பெண்ணும் மாப்பிள்ளை வீட்டார் அடிக்கிறதில் மாப்பிள்ளையும் முன்னால் நிற்பது மாதிரி. கையெழுத்துக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாகத் திருப்பி இந்த வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

எண்பதுகளின் கடைசி அது. பக்கத்து நாடு ஒன்றோடு எரிவாயுப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் எரிவாயு இருந்தது, அவர்களிடம் அது தேவைப்படும் மின்நிலையங்கள் இருந்தன, நடுவில் ஒரு குழாய் போட்டால் முடிந்தது வேலை. முதல் நாள் இரண்டு தரப்பும் இப்படித்தான் சிரித்துப் பேசினார்கள்.

பிறகு மீட்டர் வந்தது. குழாயில் போகிற வாயுவை அளக்கும் மீட்டர் எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று ஒருவர் கேட்டார். விற்கிறவர்கள் நாங்கள், ஆகவே எங்கள் பக்கம் என்றோம். வாங்குகிறவர்கள் அவர்கள், ஆகவே அவர்கள் பக்கம் என்றார்கள். இதற்கு நான்கு சுற்றுப் பேச்சு, இரண்டு தலைநகரம், கணக்கில்லாத தேநீர். கடைசியில் பக்கத்துக்கு ஒரு மீட்டர் என்று முடிவாகி எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் ஒருவர், இரண்டு மீட்டரும் வேறு வேறு அளவைக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்டுத் தொலைத்தார். அதற்கு ஒரு துணைக்குழு. அந்தத் துணைக்குழு எந்த ஊரில் கூடுவது என்பதற்குக் கடிதப் போக்குவரத்து. இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகு ஒரு தாள் தயாரானது. குழாய் போடுகிறோம் என்று அதில் இல்லை. குழாய் போடுவதைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கிறோம் என்று இருந்தது.

அதே காலத்தில் எனக்கும் மேலிடத்தோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு ஒரே சுற்றுப் பேச்சுதான். என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பொது மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து வாரம் கிடந்தாள். நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, பத்துமலை முருகா, பிள்ளையை எங்கள் கையில் கொடு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து வருகிறேன், அதுவரை என் தலையிலும் முகத்திலும் கத்தி படாது, வளர்கிற முடியெல்லாம் உனக்கு என்றேன். மறுதரப்பு ஒரு திருத்தமும் கேட்கவில்லை. பிள்ளை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த பிறகும் என் பயம் போகவில்லை. தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். சொன்ன வாக்கில் குறை வைத்தால் கொடுத்ததை அவன் திருப்பி எடுத்துக்கொள்வான் என்று முழுசாக நம்பினேன். பகலெல்லாம் சட்ட ஷரத்துகளுக்கு நடுவே உட்காருகிறவன் இதை நம்பலாமா என்று கேட்டால், நம்பினேன், அவ்வளவுதான்.

என் மனைவி கிள்ளான்காரி. பெண் பார்க்கப் போன அன்று முகத்தை நேராகப் பார்க்கத் தைரியமில்லாமல், காப்பி கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனவளின் ஜடையை மட்டும் பார்த்துச் சம்மதம் சொன்னவன் நான். இடுப்புக்குக் கீழே இறங்கும் ஜடை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த முடிக்கு எண்ணெய் வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் வேறு எந்த வேலையும் நடக்காது. இப்போது என் தலைமுடியும் வளரத் தொடங்கியதும், வீட்டில் ஒருத்தருக்குத்தான் சீப்பு என்று கேலி செய்வாள்.

அலுவலகத்தில் கேலி செய்யவில்லை, பார்த்தார்கள். எங்கள் துறைத்தலைவர் மலாய்க்காரர், துவான் என்று கூப்பிடுவோம். ஒரு மாதம் பொறுத்திருந்து என்னை அறைக்குக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். நசரா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். நசர் என்பது நேர்ந்துகொள்வதற்கு அவர்கள் சொல்லும் சொல். ஆமாம் என்றேன். அப்படியானால் உன் முகத்தைப் பற்றி நான் பேசக்கூடாது என்று சொல்லி, என்னைக் கூட்ட அறையிலிருந்து எடுத்துப் பின்னறையில் கோப்பு வேலைக்குப் போட்டார். மேசைப் பக்கம் நிற்கிற வேலையை என்னோடு பழகிய ஒரு சீன நண்பர் பார்த்துக்கொண்டார். தைப்பூசம் முடிந்ததும் நான் திரும்பி வருவதாக ஏற்பாடு. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் மட்டும் மேலதிகாரிகளில் பெரியவர் என்னைத் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு, இந்த ஆள் நம் தரப்பா அவர்கள் தரப்பா என்று துவானிடம் கேட்டாராம்.

கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்னால். கையெழுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சீன நண்பருக்கு அம்மை போட்டது. பிரிக்பீல்ட்ஸில் அவளைக் கும்பிடுகிற வீடு எத்தனையோ இருக்க, மாரியம்மா நேராகப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய், அவள் பேரையே கேட்டிராத வீட்டில் இறங்கிவிட்டாள். அம்மாவும் மகன் முருகனும் கலந்து பேசாமல் வேலை செய்கிறார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன். மேசைக்கு மறுபடியும் ஆள் தேவைப்பட்டது, பழகிய ஆள் நான் ஒருவன்தான்.

துவான் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் மறுத்திருப்பேன், மறுத்தேன் என்ற பெருமையாவது மிஞ்சியிருக்கும். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஜன்னலைப் பார்த்தபடி, என்னால் இதைக் கட்டளையாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரியவர் அந்தத் தாடி மண்டபத்துக்குள் வரக்கூடாது என்கிறார், பதவி உயர்வுப் பட்டியலும் அவர் மேசையில்தான் இருக்கிறது என்றார். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்கிறவன் பாதி ஒத்துக்கொண்டுவிட்டான் என்பது இரண்டு வருட மீட்டர் பேச்சில் நானே கண்ணால் கண்டது.

யோசிப்பதற்குக் கோவிலுக்குப் போனேன். எங்கள் தெருக் கோவில் ஐயர் சிக்கலான ஆள் இல்லை. ஓர் அபிஷேகம் செய்து மன்னிப்புக் கேட்டால் போதும், உத்தியோகக் கட்டாயம் முருகனுக்குத் தெரியாதா என்றார். எனக்கு வேண்டியதை அவர் சொன்னதால் அவரைப் பெரிய ஞானி என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பதவி உயர்வு, புது கிரேடு, பெரிய குவாட்டர்ஸ், நாட்டுக்கே முக்கியமான ஒப்பந்தம் என்று வரிசையாக எடுத்து வைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த கேஸ் நம்ம வீட்டுக்கு வருமா?" என்றாள்.

"வராது. கரண்ட் எடுக்குற எடத்துக்குப் போவும்."

"நம்ம ஊரு கரண்டுக்கா?"

"இல்ல, அவங்க ஊருக்கு."

"அப்ப நம்ம புள்ளைக்கு நேந்த முடிய எதுக்குக் கேக்குறாங்க?"

இரண்டு நாட்டு அதிகாரிகளையும் உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு துணைக்குழு போட்டிருப்பார்கள். அவள் அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

முடிவெட்ட முந்தின நாள் மாலையே போயிருக்கலாம். கடைசி நிமிடத்தில் ஏதாவது நடந்து தப்பித்துவிடுவோம் என்ற நப்பாசையில் தள்ளிப்போட்டேன். அதையும் ராஜதந்திரிகளிடம்தான் கற்றிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்து, ஒன்பது மணிக்கு நான் பிரிக்பீல்ட்ஸ் சலூன் நாற்காலியில் இருந்தேன். கோப்புகளைப் பார்க்க வேண்டிய என் ஒரு மணி நேரம் அது. தட்டச்சு செய்த அம்மா பார்த்திருப்பார், துவான் பார்த்திருப்பார், ஒரு தடவை நான் பார்க்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சலூன்காரர் துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு என் தாடியைக் கண்ணாடியில் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார், திரும்பவும் கீழே வைத்தார்.

"அண்ணே, இது மலைக்கு நேந்ததாச்சே. வெட்டுன்னு நீங்களே வாயால சொல்லிடுங்க."

சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. முடிந்ததும் அவர் தரையில் விழுந்ததைத் துடைப்பத்தால் தொடாமல் குனிந்து கையால் அள்ளி, தமிழ்ப் பத்திரிகைத் தாளில் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். இதைப் பெருக்கித் தள்ளத் தனக்குக் கை வரவில்லை என்றார். வாங்கி அலுவலகப் பைக்குள் வைத்துக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

ஹோட்டல் மண்டபத்தில் பூ, கொடி, கேமரா எல்லாம் இருந்தன. அமைச்சர்கள் உட்கார்ந்தார்கள். நான் எங்கள் பக்கத்துக் கோப்பைத் திறந்து இடத்தைக் காட்டினேன். எதிரே அவர்கள் ஆள் அவர்கள் கோப்பைத் திறந்தார். திறந்தவர் விரலைக் காட்டவில்லை. பின்னால் நின்ற அவர்களுடைய சட்ட அதிகாரி குனிந்து படித்தார், அமைச்சர் காதில் ஏதோ சொன்னார். அவர்கள் பிரதியிலும் எங்கள் நாட்டின் பெயரே முதலில் இருந்தது. இரண்டு பிரதியிலும் நாங்களே முன்னால். ஒன்பது மணிக்கு நான் முதல் பக்கத்தைத் திருப்பியிருந்தால் அரை நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த அமைச்சர் கோபப்படவில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். புதிதாகத் தட்டச்சு செய்து தருகிறோம் என்று எங்கள் ஆட்கள் எவ்வளவோ சொன்னார்கள். மீட்டர் விஷயத்தில் பாதி விட்டுக்கொடுத்த எரிச்சலை நாங்கள் இந்த வழியில் காட்டுகிறோம் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்களிடம் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லப்பட்டது. மத்தியானம் அவர்கள் விமானம் ஏறினார்கள். அடுத்த தேதி தைப்பூசம் கழித்து ஒரு மாதத்துக்குப் பிறகு விழுந்தது. அன்றைக்கு நான் என்ன முகத்தோடு இருந்தாலும் யாருக்கும் கவலை இருந்திருக்காது, அதற்குள் சீன நண்பர் குணமாகி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். காலியான மண்டபத்தில் மழித்த கன்னத்தில் ஏர்கான் காற்று ஜில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. பை காலடியில் இருந்தது.

துவான் அறிக்கையில் தட்டச்சுப் பிழை என்று மட்டும் எழுதினார், யார் பெயரையும் எழுதவில்லை. என்னிடம் தனியாக, ஒன்பது மணிக்கு உன்னை வேறு இடத்துக்கு அனுப்பியது நான், ஆகவே இதில் பாதி என்னுடையது என்றார். தைப்பூசத்துக்குள் எவ்வளவு வளரும் என்றும் கேட்டார். அரிசி அளவு என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது, முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கினேன். அவள் என்னைத் தாடியோடு மட்டுமே அறிந்தவள். வெறும் முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுது தாயிடம் தாவினாள். கையெழுத்து நடக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

அடுத்த மூன்று வாரம் எனக்கு நல்ல தூக்கம் இல்லை. விரதம் இருந்தேன், தரையில் படுத்தேன், வாக்கில் எஞ்சியிருந்த ஷரத்துகளையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கடைப்பிடித்தேன். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எழுந்து போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். பொட்டலத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். தைப்பூசத்தன்று அதை மலையில் செலுத்திவிடலாம், அதுவும் என் முடிதானே, கத்தி சில நாள் முன்னால் பட்டுவிட்டது, அவ்வளவுதானே என்று எனக்குள் ஒரு மாற்றுத் திட்டம் வரைந்து வைத்திருந்தேன்.

பத்துமலை அடிவாரத்தில் அன்று காலை முடியிறக்குகிற கொட்டகையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு முதல் மொட்டையும் அன்றுதான். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள், அது அழுது முடிப்பதற்குள் மொட்டை ஆகிவிட்டது. நான் மஞ்சள் வேட்டியோடு பக்கத்தில் நின்று பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். எங்கே போடுவது, யாரிடம் கொடுப்பது என்று அந்த நாவிதரைக் கேட்க வாயெடுத்தேன்.

மனைவி பிள்ளையை என்னிடம் நீட்டினாள். அவள் எழுந்திருக்கவில்லை. ஜடையை முன்னால் எடுத்து ரிப்பனை அவிழ்த்தாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"அது நீங்க கவர்மெண்டுக்குக் குடுத்த முடி. சாமிக்கு நான் குடுக்குறேன்."

சண்டை போடுகிற குரலில் அவள் சொல்லவில்லை. கடைக்கு யார் போவது என்று முடிவு செய்கிற குரல்தான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அப்போதும் என்னை விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கிள்ளானில் நான் சம்மதம் சொன்ன ஜடை ஐந்து நிமிடத்தில் தரையில் கிடந்தது. அவள் எழுந்து வந்து சந்தனம் பூசிய தலையைப் பிள்ளைக்குக் குனிந்து காட்டினாள். என் வெறும் முகத்தைப் பார்த்து வீறிட்டவள் அந்தத் தலையை இரண்டு கையாலும் தடவிச் சிரித்தாள்.

பால்குடத்தோடு படியேறினேன். அழுதேன், ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அழுவதால் யாரும் கவனிக்கவில்லை. படியிறங்கி வந்து பொட்டலத்தை அடிவாரத்தில் ஓடும் ஆற்றில் விட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கையெழுத்து நடந்தது. நான்கு நிமிடம் ஆனது. சீன நண்பர் அம்மைப் புண் ஆறாமல் இன்னும் விடுப்பில் இருந்ததால் அன்றும் நானே நின்றேன், நானே மை ஒற்றினேன். அன்றைக்கு ஒன்பது மணிக்கு இரண்டு பிரதியையும் மூன்று தடவை பார்த்தேன். வேறு குழாய்கள் வேறு ஒப்பந்தங்களில் வந்தன, போயின. நான் மை ஒற்றிய இந்தக் குழாய் என் பணிக்காலம் முடியும்வரை யோசனையிலேயே இருந்தது. இரண்டு மீட்டர்களும் ஒரு தடவைகூடச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பதவி உயர்வு எனக்கு வந்தது. அதோடு மேசை வேலை போய்விட்டது, யாரும் என் முகத்தைக் கேட்கவில்லை, மழிப்பதை விட்டுவிட்டேன்.

அந்தத் தைப்பூசத்தில் அடிவாரத்துப் புகைப்படக்காரர் ஒருவர் எங்களை நிற்கவைத்து எடுத்த படம் வீட்டில் மாட்டியிருக்கிறது. தாயும் மகளும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக இரண்டு பக்கமும் சிரிக்கிறார்கள், மகளைத் தூக்கி வைத்திருக்கிறவன் மட்டும் வகிடெடுத்துச் சீவிய தலையும் அரிசி அளவு முளைத்த தாடியுமாக நிற்கிறான். மகள் நன்றாகப் பேசத் தொடங்கிய வயதில், அவளுக்குத் தெரிந்த அப்பாவுக்கு மார்புவரை தாடி. ஒரு நாள் படத்துக்குக் கீழே நின்று, தன்னைத் தூக்கி வைத்திருக்கிற அந்த அங்கிள் யார் என்று கேட்டாள். நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. மனைவி, தோள்வரை வளர்ந்திருந்த முடியைக் கொண்டை போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"அவரா? அவரு கவர்மெண்டு ஆளும்மா. அன்னிக்கு நம்மகூட மலைக்கு வந்தாரு."